தோள்வலியும் முதுகு முறிக்கும் வைத்தியமும்



தோள்பட்டை இறுகிப்போய், தலை வாரவும் சட்டை மாட்டவும் கை எழாமல் கஷ்டப்படுகிறவர்கள் இக்கூட்டத்திலேயே பலர் இருக்கலாம். முதுகெலும்பையும் கழுத்தையும் நெட்டி முறித்தால் அது தீர்ந்துவிடும் என்று சொல்லுகிற கைரோபிராக்டிக் வைத்தியத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுகிறோம். பழையது என்பதற்காக ஒன்றை நம்புவதும், மேல்நாட்டுச் சரக்கு என்பதற்காக நம்புவதும் ஒரே மாதிரியான மடமைதான்.

இதன் பிறப்பைப் பாருங்கள். அமெரிக்காவில் டாவன்போர்ட் என்னும் ஊரில், காந்த சக்தியால் வியாதி தீர்ப்பதாகச் சொல்லிவந்தவர் டி. டி. பாமர். இவர் 1895-ல் ஹார்வி லில்லார்ட் என்னும் துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்தினாராம். உடனே அவருடைய செவிடு நீங்கிற்றாம். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு மண்டைக்குள்ளேயே போகிறதேயொழிய முதுகுக்கு இறங்கி வருவதே இல்லை. அப்படியிருக்க, முதுகை அழுத்தினால் காது எப்படித் திறக்கும்? நூற்றுக்கு 95 வியாதிகள் எலும்பு விலகுவதால்தான் வருகின்றன என்றும் அவர் சொன்னார். உடம்பில் ஓடும் ஒருவித "பிறவி அறிவு" தடைப்படுகிறதாம்! அந்த அறிவைக் கண்டவர் யார்? அளந்தவர் யார்?

இனி தோளுக்கு வருவோம். 1934-ல் காட்மன் என்னும் அமெரிக்க டாக்டர் "உறைந்த தோள்" என்று பெயரிட்ட வியாதியில், மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. நாற்பது வயதுக்கு மேல், அதிலும் நீரிழிவுக்காரர்களுக்கு, இது அதிகம். பெரும்பாலோருக்கு ஒன்று முதல் மூன்று வருஷத்தில் தானாகவே தளர்ந்துவிடுகிறது. அந்தச் சமயத்தில் யார் கை வைத்திருந்தாலும், யாருக்கு நேர்ந்துகொண்டிருந்தாலும், பெருமை அவருக்கே போகிறது. காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்!

கையால் செய்யும் சிகிச்சை முழுவதும் புரட்டு என்று நாம் சொல்லவில்லை. பயிற்சி பெற்றவர் மூட்டை மெள்ள அசைத்துக் கொடுப்பதும், தினசரி தேகப்பயிற்சியும் பலருக்கு உதவுகின்றன. மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி ஆரம்ப கால வலியைத் தணிக்கிறது. இவற்றுக்குப் "பிறவி அறிவு" தேவையில்லை. ஆனால், கழுத்தைச் சடக்கென்று திருகியபின் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் கண்டவர்கள், அபூர்வமாயினும், உண்டு.

ஆகவே தோழர்களே! தோள் பிடித்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்; சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள். இடது தோள்வலியோடு மார்பு அடைத்து வியர்த்தால் ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அது மாரடைப்பாயிருக்கலாம். எவராவது கழுத்தில் கை வைக்க வந்தால், "ஏன்? எப்படி? என்ன ஆதாரம்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் கழுத்தைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.