கல்லுக்கு விலை உண்டு, கூலிக் கட்டம் காலி

(திருப்பூரில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குச் சோறு போடுவது காஸ்டிங் வேலை. பையர் ஒரு டீ-சர்ட் படத்தை அனுப்புவார். நூல் விலை, நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று கட்டம் கட்டமாக நிரப்பி, கடைசியில் கம்பெனி லாபத்தைச் சேர்த்து விலை சொல்லவேண்டும். "இன்னும் பத்து சென்ட் குறையுங்கள்" என்று பதில் வரும். நூல் விலையில் கை வைக்க முடியாது, அது மில் சொன்ன விலை. சாயப்பட்டறைக்காரரும் இறங்கமாட்டார். சுற்றிச் சுற்றி வந்தால் குறைக்க முடிகிற கட்டம் ஒன்றுதான், கூலி. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேருக்கு இது நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இந்தப் பழக்கத்தோடுதான் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் ஒரு காஸ்டிங் போட்டுப் பார்த்தேன். "இன்றைக்குக் கட்டினால் எத்தனை ஆயிரம் கோடி ஆகும் தெரியுமா?" என்று வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் ஒரு செய்தி சுற்றுகிறது. எண் ஒவ்வொரு முறையும் ஏறுகிறது. கோபுர நிழல் தரையில் விழாது, உச்சியில் இருப்பது எண்பது டன் ஒற்றைக்கல் என்பவையும் கூடவே வரும். நிழல் விழும், போய்ப் பாருங்கள். உச்சியில் இருப்பது பல துண்டுகளை இணைத்தது என்று ஆய்வாளர்கள் எழுதிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதை விடுங்கள், நம் கணக்குக்கு வருவோம்.

கோயிலில் உள்ள கருங்கல் சுமார் 1,30,000 டன் என்று பரவலாகச் சொல்கிறார்கள். தஞ்சை வண்டல் பூமி, அங்கே பாறை கிடையாது. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்த கல். ஒரு டன் கல்லை உடைத்து, இழுத்து வந்து, கொத்தி, இருநூறு அடிக்கு மேல் ஏற்றி வைக்க எத்தனை ஆள்நாள்? கிரேன் இல்லை, லாரி இல்லை. நூறு என்று வைத்துக்கொண்டேன். இது என் அனுமானம், ஆதாரம் கேட்காதீர்கள். அப்படியானால் 1 கோடியே 30 லட்சம் ஆள்நாள். வேலை ஏழாண்டு நடந்தது, ஆண்டுக்கு முந்நூறு நாள் என்றால் தினமும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர். நாள்கூலி 800 ரூபாய் போட்டால் கூலி மட்டும் 1,040 கோடி. சரி, கூலி வேண்டாம், சோறு மட்டும் போடுவோம் என்று ஆளுக்கு 100 ரூபாய் போட்டேன். 130 கோடிக்கு இறங்கிவிட்டது. அந்த ஒரு கட்டத்தை மாற்றியதில் 910 கோடி காணாமல் போனது. கல் ஒரு துண்டுகூடக் குறையவில்லை.

இந்தக் கிறுக்கு எனக்கு மட்டும் இல்லை. ஒபயாஷி என்ற ஜப்பானியக் கட்டுமான நிறுவனம் 1978-இல் எகிப்தின் பெரிய பிரமிடுக்கு இப்படி ஒரு திட்ட மதிப்பீடு போட்டது. நவீன எந்திரங்களோடு ஐந்தாண்டு, 12,500 கோடி யென். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது 1985-இல் அவர்கள் போட்ட இன்னொரு கணக்கு. ஒசாகா அருகே சகாய் நகரில் நின்தொகு பேரரசருடையது என்று சொல்லப்படும் ஒரு பெரிய கல்லறை மேடு இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதற்கு இரண்டு பில் போட்டார்கள். எந்திரம் வைத்துச் செய்தால் இரண்டரை ஆண்டு, 200 கோடி யென். பழைய முறையில், ஆள் வைத்து மண் சுமந்தால் 15 ஆண்டு 8 மாதம், 68 லட்சம் ஆள்நாள், 7,960 கோடி யென். அதே மேடு, அதே மண். ஏறத்தாழ நாற்பது மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பழைய ஆளுக்கு இன்றைய கூலியைக் கொடுத்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஆக, "இன்று கட்டினால் எவ்வளவு" என்று கேட்டு வாய் பிளக்கிறோமே, அந்தத் தொகையில் பெரும்பகுதி அன்று யாரோ சுமந்தது. அவர்களுக்கு அன்று என்ன கொடுத்தார்கள்?

இதைத் தேடித்தான் கல்வெட்டுப் பக்கம் போனேன். ஹூல்ஷ் படித்துப் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் பெரும்பகுதி பெரிய கோயில்தான். கணக்கு என்றால் அப்படி ஒரு கணக்கு. பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்று பெயரிட்ட எடைக்கல், கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரை துல்லியம். நகையில் எத்தனை முத்து, அதில் எது சப்பை என்பதுகூட உண்டு. சேரரையும் பாண்டியரையும் வென்று எடுத்த செல்வத்தில் செய்த பாத்திரங்கள், ஈழத்து ஊர்களிலிருந்து வரவேண்டிய நெல்லும் இலுப்பை எண்ணெயும் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை எந்தெந்த ஊரிலிருந்து கொண்டுவந்தார்கள், எந்த வீட்டில் வைத்தார்கள், பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்பது வரை உண்டு. குடை பிடிப்பவர், விளக்கு ஏற்றுபவர், நீர் தெளிப்பவர், வண்ணார், நாவிதர், ஏன், தையற்காரருக்குக்கூடப் பங்கு எழுதியிருக்கிறார்கள். நம்மூர்க்காரர்கள் மகிழ்ந்துகொள்ளலாம்.

ஊதியத்தை எழுதத் தெரியாதவர்கள் இல்லை, தோழர்களே. கல் சுமந்தவர்களின் கூலிக் கணக்கு மட்டும் அங்கே இல்லை. தலைமைத் தச்சன் குஞ்சரமல்லன் பெயர் இருக்கிறது, 'இராசராசப் பெருந்தச்சன்' என்ற பட்டத்தோடு. அவருக்குக் கீழே இருந்த இரண்டு பெருந்தச்சர்களும் இருக்கிறார்கள். அதற்கும் கீழே இறங்கினால் யாரும் இல்லை. எல்லோரும் அடிமைகள் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. நெல்லாக ஏதோ கொடுத்திருக்கலாம். ஆனால் சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது, கட்டாயமாகச் செய்யவேண்டிய ஊதியமற்ற வேலை என்று ஆய்வாளர்கள் பொருள் சொல்கிறார்கள். கூலியில்லாத வேலையை நாம் இன்றும் வெட்டி வேலை என்றுதான் சொல்கிறோம்.

அதே கல்வெட்டுகளில் இன்னொரு பட்டியல் உண்டு. கோயிலுக்கு வரி செலுத்தவேண்டிய ஊர்களை அளக்கும்போது, வரியில்லா நிலமாக எதையெல்லாம் கழிப்பது என்ற பட்டியல். ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு. அந்த வரிசையிலேயே பறைச்சேரி, தீண்டாச்சேரி, கம்மாணச்சேரி. கம்மாளர் குடியிருந்த இடம் கம்மாணச்சேரி. சுடுகாடும் சில ஊர்களில் தனித்தனி. தீண்டாமை நாயக்கர் காலத்தில் வந்தது, வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நம்மிடம் வகுப்பு எடுப்பவர்களுக்கு நான் வேறு எதுவும் காட்டுவதில்லை, இந்த நில அளவைக் கணக்கைத்தான் காட்டுகிறேன். இது நாம் எழுதியது இல்லை. அரசனின் அதிகாரிகள் எழுதியது.

கோயில் 1010-இல் குடமுழுக்குக் கண்டது. சேரியில் இருந்தவர்களுக்கு அதன் கதவு முறையாகத் திறந்தது 1939-இல். கழித்துப் பாருங்கள், 929 ஆண்டு. இதற்கு வட்டி போட எந்த எக்செல்லிலும் ஃபார்முலா இல்லை.

"பழங்கதை, இப்போது எதற்கு?" என்பவர்களுக்கு ஒரு புதுக்கதை. இன்று அப்படி ஒரு கோயிலைக் கல்லில் கட்டினால் எப்படிக் கட்டுவார்கள் என்று ஊகிக்க வேண்டியதில்லை, கட்டியே விட்டார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ராபின்ஸ்வில் என்ற ஊரில், சுவாமிநாராயண் அமைப்பான பாப்ஸ் கட்டிய அக்‌ஷர்தாம் 2023 அக்டோபரில் திறக்கப்பட்டது. 2021 மே மாதம் அந்தக் கட்டுமானத்தில் இருந்த இந்தியத் தொழிலாளர்கள் அங்குள்ள நீதிமன்றம் போனார்கள். மதப்பணியாளர் விசாவில் கூட்டிவந்து, மணிக்குச் சுமார் 1.20 டாலருக்குக் கல் வேலை வாங்கினார்கள், தங்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதியினர் என்பது அவர்கள் மனு. அப்போது அந்த மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 டாலர். அமைப்பு இதை மறுத்தது, அவர்கள் செய்தது தொண்டு என்றது. பிறகு வழக்குத் தொடுத்தவர்களில் சிலர் விலகிக்கொண்டார்கள். 2025-இல் அமெரிக்க அரசும் யார்மீதும் குற்றம் சாட்டாமல் தன் விசாரணையை மூடியது. எது உண்மை என்று நான் சொல்லப் போவதில்லை. எனக்கு வேண்டியது அந்த ஒரு சொல். கூலிக் கட்டத்தில் 'தொண்டு' என்று எழுதினால் தொகை பூஜ்யம்.

நம் ஊருக்கு வருகிறேன். 1984-இல் பஞ்சப்படிக்காக இந்த ஊர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நான் போடும் ஒவ்வொரு காஸ்டிங் ஷீட்டிலும் கூலி என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒரு எண் இருந்தாக வேண்டும் என்பது யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தது இல்லை. இப்போது பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்து தைக்கிறவர்களுக்கு அந்த 127 நாள் கதை தெரியாது. இந்தியில் சொல்லத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நேரமாகிவிட்டது. அந்த ஷீட் என் போனில் இருக்கிறது, கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். டன்னுக்கு நூறு ஆள்நாள் என்று போட்டதுதான் எனக்கே உறுத்துகிறது. கல்குவாரியிலோ சிற்பக்கூடத்திலோ வேலை பார்த்த தோழர்கள் யாராவது இருந்தால், டீ குடிக்கும்போது என்னிடம் வாருங்கள். அந்த எண்ணைத் திருத்தவேண்டும்.