காப்புப் பருவத்துக்கு முன்பு



குழந்தையும் இலக்கியமும் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டார்கள். பிள்ளைத்தமிழ், தாலாட்டு என்று சொல்லிக்கொண்டு போவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றையும் தொடத்தான் போகிறேன். ஆனால், என் மனத்தில் பல காலமாகக் கிடக்கும் கேள்வி சற்று வேறானது. கர்ப்பிணித் தாய்மாருக்கென்று கிளினிக்கில் வகுப்பு வைக்கிறார்களே, ஊருக்குள் தாய்மார் குழு என்று கூட்டுகிறார்களே, அவற்றுக்குப் போவதால் ஏதும் பயன் உண்டா? இதற்குள் இலக்கியம் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். வருகிறது. சற்றுப் பொறுத்துக் கேட்கவேண்டும்.

நான் இருப்பது கரடியனாறு. செங்கலடிச் சந்தியிலிருந்து பதுளை வீதியில் மேற்கே போனால் வரும் ஊர். எனது ஊர் என்றா சொன்னேன்? மனைவியின் ஊர். எங்கள் மட்டக்களப்பு வழக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்கு. ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். ஆகவே தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பிவைக்கும் பேச்சே எங்களிடம் இல்லை. தாய் அடுத்த அறையில் இருப்பார். தமக்கை அடுத்த வளவில் இருப்பார். பெரியம்மாவும் குஞ்சம்மாவும் வேலிக்கு அப்பால். இப்படிப்பட்ட இடத்தில் கர்ப்பிணிக்கு ஒரு குழு எதற்கு என்று எவருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

2010ஆம் ஆண்டு. மனைவி முதற்பிள்ளையைச் சுமந்திருந்தாள். எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், ஊரார் வாயில் 'மிட்வைஃப் அக்கா', படலையில் நின்றபடி சொன்னார்: "சேர், வகுப்புக்கு ரெண்டு பேரும் வரணும். பொஞ்சாதிய மட்டும் அனுப்பினாக் காணாது." 

"வாத்தியார் வீட்டுக்கே வகுப்பா, அக்கா?" என்று நான் சிரித்தேன். பயிற்றப்பட்ட பட்டதாரி அல்லவா! மாமியும் விடவில்லை. "நான் அஞ்சி புள்ள பெத்தவ. எனக்குத் தெரியாததையா அந்தப் புள்ள சொல்லித் தரப்போகுது?" என்றார். மனைவி கிளினிக்குக்கு ஒழுங்காகப் போனாள். நிறை பார்த்தார்கள், இரத்த அழுத்தம் பார்த்தார்கள், திரிபோஷாப் பொதியும் கிடைத்தது. வகுப்பு நடக்கும் நாளில் மட்டும் வீட்டில் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும்.

எட்டாம் மாதத்தில் ஒருநாள் குழந்தையின் அசைவு குறைந்தது. அதை அவள் எவரிடமும் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் என்னை எழுப்பினாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் இதயத்துடிப்பு இருக்கவில்லை. ஆண்பிள்ளை. காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டொக்டர். முதல்நாளே போயிருந்தால் பிழைத்திருக்கும் என்று அவர் சொல்லவில்லை. நானும் இன்று அப்படிச் சொல்லமாட்டேன். என்னை விடாமல் அரித்தது அந்த இரண்டு நாள். அடுத்த அறையில் தாய், பக்கத்தில் கணவன், வேலி ஓரத்தில் தமக்கை. இத்தனை பேர் இருக்க அவள் ஏன் வாய் திறக்கவில்லை?

பல மாதம் கழித்துத்தான் கேட்டேன். "நல்லது நடக்கிற வீட்டில அந்தச் சொல்ல எப்பிடிச் சொல்லுற? சொன்னாப் பலிச்சிரும் எண்டு பயமா இருந்திச்சி" என்றாள். தங்கைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அம்மா ஏசுவா என்ற பயம் வேறு.

அதன் பின்னர் படிப்பிக்கும் பாடங்களே எனக்கு வேறுவிதமாகக் கேட்கத் தொடங்கின. நேயர்களே, நினைத்துப் பாருங்கள். பிள்ளைத்தமிழுக்குப் பருவம் பத்து. முதலாவதான காப்புப் பருவம் குழந்தையின் மூன்றாம் மாதத்தில் தொடங்குகிறது. அதற்கு முந்திய காலத்துக்குப் பருவமும் இல்லை, பாட்டும் இல்லை. பெரியாழ்வார் யசோதையாகவே மாறிப் பாடியவர். ஆயினும் கண்ணன் பிறந்த மகிழ்ச்சியில்தான் அந்தப் பாட்டுத் தொடங்குகிறது. கருவில் இருக்கும் மாதங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாடியவர் மணிவாசகர். போற்றித் திருவகவலில் ஒவ்வொரு மாதமும் நேரும் ஆபத்திலிருந்து உயிர் தப்பிவருவதைச் சொல்கிறார். ஆனால், தப்பி வருவது கருவிலுள்ள உயிர். தாய் அங்கே ஓர் இடமாகவே இருக்கிறாள், பத்தாம் மாதத் துயரில்தான் உடன்வருகிறாள். பட்டினத்தார் தாயின் ஈமத்தீயின் முன் நின்று அவள் சுமந்த மாதங்களை நினைத்து உருகினார். அதுவும் மகனின் குரல்.

எல்லாமே பிள்ளையின் பக்கத்திலிருந்து வந்த பாட்டு. சுமக்கிறவளின் பக்கத்திலிருந்து, இன்றைக்கு அசைவு குறைந்திருக்கிறதே, எனக்குப் பயமாக இருக்கிறதே என்று சொல்லும் குரலை நான் படித்த இலக்கியத்தில் காணவில்லை. மங்கலம் கருதித்தான் விட்டிருப்பார்கள். காப்பியத்துக்கு அது பொருந்தும். எட்டு மாதக் கர்ப்பிணிக்குப் பொருந்துமா?

சொல்லுக்குத் தமிழில் பஞ்சம் இருந்ததென்று நினைக்கவேண்டாம். மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேனாட்டுப் பிரசவ வைத்திய நூல் ஒன்றைத் தமிழாக்கி 1857இலேயே அச்சிட்டார். மாணவ வைத்தியர்களுக்கான நூல் அது. வைத்தியனுக்கு அன்றே சொல் கிடைத்துவிட்டது. அந்தச் சொல் தாயின் வாய்க்கு வருவதற்குத்தான் நெடுங்காலம் எடுத்தது.

நமது நாட்டில் அது வந்தவிதமும் அறியத்தக்கது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அதன் வழியில்தான் வீடு தேடி வரும் மருத்துவிச்சி என்ற ஏற்பாடு நாடெங்கும் பரவியது. 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இப்போது அந்தத் தொகை 50க்கும் கீழே. இதில் மலேரியா ஒழிப்புக்கும், ஆஸ்பத்திரிகளுக்கும், பெண்கள் எழுத்தறிவு பெற்றதற்கும் பங்குண்டு. படலையில் நின்று வகுப்புக்கு வரச்சொல்லும் அந்த அக்காவுக்கும் உண்டு.

அதே காலத்தில், 1930இல், லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார் டொக்டர் மேரி இரத்தினம். கனடாவில் பிறந்து, 1896இல் மருத்துவராக இங்கே வந்து, தமிழர் ஒருவரை மணந்து, இந்நாட்டவராகவே வாழ்ந்தவர். கிராமத்துப் பெண்கள் தாங்களே கூடித் தங்கள் காரியத்தைப் பேசவேண்டும் என்பது அவருடைய எண்ணம். அவர் முன்மாதிரியாகக் கொண்டது கனடாவின் கிராமிய மாதர் சங்கங்களை. அச்சங்கங்களின் தொடக்கத்தில் நின்றவர் அடிலெய்ட் ஹூட்லெஸ் என்ற பெண்மணி. 1889இல் தம் கைக்குழந்தையைப் பறிகொடுத்தவர். கெட்டுப்போன பால்தான் காரணம் என்று சொல்வார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 1897இல், ஒன்ராறியோவில் முதற் சங்கம் கூடியது. இங்கிலாந்தில் 1956இல் பிரசவத்துக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கிய புருனெல்லா பிரையன்ஸ் என்பவரும் பிரசவத்தில் குழந்தையை இழந்தவர். பத்திரிகையில் ஒரு சிறு அறிவித்தல் போட்டு, ஆர்வமுள்ளவர்களை அழைத்தார். இலண்டனில் இருக்கும் என் தமக்கையின் மகள் காசு கட்டி அப்படியொரு வகுப்புக்குப் போனவள். மூச்சுவிடும் பயிற்சி மறந்துபோயிற்றாம். அங்கே சந்தித்த ஐந்து பெண்களை மறக்கவில்லையாம்.

சரி, பயன் உண்டா என்ற கேள்விக்கு வருவோம். வகுப்பில் சொல்லித்தரும் பாடத்தால் மட்டும் பிரசவம் எளிதாகிறதா என்று ஆராய்ந்தவர்கள் தெளிவான விடை காணவில்லை. அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால், பெண்கள் கூடிப் பேசும் குழுக்களின் கதை வேறு. நேபாளத்தில் மக்வான்பூர் என்ற மலைநாட்டு மாவட்டத்தில் ஒரு சோதனை நடந்தது. மாதம் ஒருமுறை பெண்கள் கூடினார்கள். நடத்தியவர் டொக்டரல்லர், மருத்துவிச்சியுமல்லர். அதே ஊர்ப் பெண். தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லவும், படங்களைப் பார்த்துப் பேசவும், என்ன செய்யலாம் என்று தாங்களே தீர்மானிக்கவும் விட்டார்கள். சில ஊர்களில் அவசரத்துக்குக் காசு சேர்த்தார்கள், நோயாளியைத் தூக்கிச் செல்லப் படுக்கை வைத்தார்கள். 2004இல் முடிவு வெளிவந்தது: அந்த ஊர்களில் பிறந்து ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகள் ஏனைய ஊர்களைவிட 30 வீதம் குறைவு. ஜார்க்கண்ட், ஒரிசா ஆதிவாசிக் கிராமங்களிலும் இதைச் செய்து 2010இல் அத்தகைய பலனையே கண்டார்கள்.

வங்காளதேசத்தில் மட்டும் முதலில் பலிக்கவில்லை. ஏனென்றால், பெரிய சனத்தொகைக்கு ஒரு குழு என்ற அளவில் வைத்திருந்தார்கள். கர்ப்பிணிகளில் மிகச் சிலரே வந்தார்கள். குழுக்களைப் பெருக்கியபோது அங்கேயும் இறப்புக் குறைந்தது. இப்படியான ஏழு சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2013இல் எழுதியவர்கள், கர்ப்பிணிகளில் 30 வீதமாவது கலந்துகொள்ளும் இடத்தில்தான் பலன் தெரிகிறது என்றார்கள்.

இந்த இடத்தில்தான் நான் நெடுநேரம் நின்றேன். எனக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் பார்த்து அந்த அக்காவைச் சிரித்து அனுப்பியவன் நான். என் மனைவி போய் இருந்திருந்தால் அது அவளுக்காக மட்டும் அல்ல. காட்டோரக் குடிசையிலிருந்து வந்து தனியாகக் குந்தியிருக்கும் ஒரு பிள்ளைக்காகவும் ஆகியிருக்கும். படித்த வீடுகள் எல்லாம் எங்களுக்குத் தெரியும் என்று ஒதுங்கிக்கொண்டால், அங்கே மிஞ்சுவது நாலு பேர். புறநானூற்றில் பொன்முடியார் என்ற பெண்புலவர் ஒரு பிள்ளைக்கு உரிய கடன்களைப் பங்கிடுகிறார். தாய், தந்தையோடு அவர் நிற்கவில்லை. வேல் வடிக்கும் கொல்லனையும் நாடாளும் வேந்தனையும் இழுத்து வருகிறார். எத்தனை முறை கரும்பலகையில் எழுதி விளக்கியிருப்பேன்! கொல்லனுக்குக் கூடப் பங்கிருக்கும்போது பக்கத்து வளவுக்காரிக்கு இல்லையா என்று எந்த மாணவனும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திருக்குறளுக்குத் தாவியிருப்பேன்.

2012இல் மனைவி மறுபடி கருவுற்றாள். இம்முறை எவரும் அழைக்கவில்லை, தானாகவே போனாள். நானும் போனேன். தகரக்கூரை போட்ட பொதுக்கட்டடம். இருபது பெண்கள் பாயில் இருந்தார்கள். ஆண்கள் நாங்கள் மூவர், வேப்பமரத்தின் கீழ் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "உள்ள வாங்க, யாரும் கடிக்கமாட்டம்" என்றார் மிட்வைஃப் அக்கா. உள்ளே போனால், அவர் மடமடவென்று சொல்லிக்கொண்டு போகிறார்: இரத்தம் கண்டால், கடுந்தலையிடி என்றால், கண் மங்கினால், முகம் வீங்கினால், தண்ணீர்க்குடம் உடைந்தால், பிள்ளையின் துடிப்புக் குறைந்தால், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக எவரும் வாயால் சொல்லாத அந்தச் சொல்லை, காய்கறிக்கு விலை சொல்வதுபோலச் சொன்னார். கூரை இடிந்து விழவில்லை.

அப்போது மனைவி எழும்பினாள். "எனக்குப் போன முறை அப்பிடித்தான் நடந்த" என்று தொடங்கி முழுவதையும் சொன்னாள். எனக்கே சொல்லாத சிலவற்றையும் சொன்னாள். முடிந்தபின் பின்வரிசையிலிருந்த ஒரு பெரியம்மா, மகளுக்குத் துணையாக வந்தவர், "எனக்கும் ஒண்டு அப்பிடிப் போன, கிளி. நான் நாப்பது வருசமா ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல" என்றார்.

குறையும் உண்டு. சில நாள் வகுப்பு வெறும் ஒப்புவிப்பாகவே நடக்கும். தாள் ஒன்றில் கையெழுத்து வாங்குவதோடு முடிந்த நாளும் கண்டேன். தாய்மார் குழுவில் ஒருத்தியின் வீட்டுக் கதை ஊர்க்கதையாகி, அவள் பிறகு வராமலே விட்டாள். நாற்கூலிக்குப் போகிறவள் ஒருநாள் கூலியை இழந்துதான் வரவேண்டும். சும்மா வரச்சொல்வது எனக்குச் சுலபம். மாமி கடைசிவரை வரவில்லை. ஆனால் வகுப்பு நாளில் சோறாக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். பத்தியக் கறி வைப்பதில் இன்றும் அவர் சொல்வதுதான் சட்டம்.

மகளுக்கு இப்போது பாடசாலைப் பைக்குள் என் புத்தகங்களைவிடப் பாரமான புத்தகங்கள். மனைவி இன்னும் அந்தக் குழுவுக்குப் போகிறாள். பிள்ளை பெறும் வயது கடந்த பின்னும் ஏன் போகிறாள் என்று அயலில் கேட்பார்கள்.

போன மாரியில் ஒருநாள் இரவு பத்து மணி இருக்கும். யானை இறங்குகிற காலம்; வெளியில் எவரும் நடமாட மாட்டார்கள். படலையில் டோர்ச் வெளிச்சம். கல்யாணமாகி ஒரு வருடமான பிள்ளையும் அவளது புருசனும். "சேர், அக்கா இருக்காவா? காலையில இருந்து துடிப்புக் குறைவா இருக்கு. வீட்டுல சொன்னா விடியட்டும் எண்டுறாங்க" என்றாள். மனைவி உள்ளிருந்தபடியே ஓட்டோக்காரத் தம்பிக்குப் போன் எடுத்துவிட்டாள். நான் முன்னால் வெளிச்சம் காட்டிப் போவதற்காக மோட்டார் சைக்கிளை இறக்கினேன்.

பெண்பிள்ளை. மூன்றாம் மாதம் நடக்கிறது. பிள்ளைத்தமிழ்க் கணக்கில் காப்புப் பருவம்.