நடைவழி விளக்கு



கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களைக் கடந்து பொத்துவிலுக்குச் செல்லும் வீதியிலே விருந்தினர் விடுதிகள் பல உள்ளன. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அறுகம் குடாவின் அலைகளை நாடிப் பிறநாட்டாரும் வருகின்றனர். விடுதி கட்டுவோர் கட்டிலையும் கதவையும் ஆராய்ந்து தேர்வர். நடைவழியின் சுவர் விளக்கைப் பற்றி எண்ணுவது பெரும்பாலும் கடைசியில்தான். ஆயினும், நள்ளிரவில் கதவைத் திறக்கும் அந்நியனுக்கு வழிகாட்ட அவ்விளக்கையன்றி வேறு துணை இல்லை.

நம் முன்னோர் சுவரிலே மாடம் அமைத்து விளக்கேற்றினர். சுடரைக் காற்று எளிதில் அணைக்காது. நடப்போரின் தோள் அதில் இடிக்காது. இன்றைய விளக்கிலும் நாம் தேட வேண்டிய குணங்கள் இவையே.

முதலில், மின்குமிழ் கண்ணுக்கு நேரே தெரியலாகாது. ஒளி மேலும் கீழுமாகச் சுவரில் வழிந்து தரையை அடைய வேண்டும். நடைவழித் தரைக்கு 100 லக்ஸ் ஒளி போதுமென்பது ஐரோப்பிய நியமம். உறக்கத்தினின்று எழுந்து வருபவருக்கு 2700 கெல்வின் அளவான இளமஞ்சள் ஒளி இதமானது. விளக்கு சுவரிலிருந்து 4 அங்குலத்துக்கு மேல் நீண்டிருப்பதும் தகாது. பார்வையற்றோர் மோதிக்கொள்ளாதிருக்க அமெரிக்கர் விதித்த அளவு அது.

அடுத்தது, நம் கரைக்கே உரிய பகையான உப்புக்காற்று. பெட்டியில் ஐபி 65 என்று குறித்திருந்தால் தூசி புகாது, நீர்த்தாரையைத் தாங்கும் என்பதே பொருள். துருப்பிடிக்காது என்பது பொருளன்று. ஆகவே, உலோகம் யாதென்று தனியே வினவுங்கள். கடலோரத்துக்கு 316 என்னும் தர எண்ணுடைய எவர்சில்வர் ஏற்றது. விளக்கு நல்லதாயிருந்தும் அதன் ஆணி இரும்பாயிருந்தால், வாடைக்காலம் கழியுமுன் சுவரிலே துருக்கறை வடியும்.

இனி, யாவற்றினும் பெரியதொன்று. 2019 பெப்ரவரி 12 அதிகாலையில், டெல்லி கரோல் பாக்கிலுள்ள விடுதியொன்றில் மூண்ட தீயில் 17 பேர் மாண்டனர். நடைவழிகளில் பதித்திருந்த மரப்பலகையால் அவ்வழியே வெளியேற இயலாமற் போயிற்று என்று தீயணைப்பு அதிகாரிகள் கூறினர். எனவே, விளக்கின் பின்தட்டும் மூடியும் எளிதில் தீப்பற்றாதனவாக இருத்தல் வேண்டும். மின்சாரம் நின்றாலும் மின்கலத்தால் எரியும் விளக்குகள் சிலவேனும் வேண்டும். மக்கள் துயிலும் இடங்களில் அவை 3 மணி நேரம் எரிய வேண்டுமென்பது பிரித்தானிய வழக்கம். புகை மேலே திரளுமாதலால், தரையை ஒட்டியும் சில விளக்குகள் இருப்பது நலம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டைக் கண்ட நமக்கு இதன் தேவையை விளக்க வேண்டுவதில்லை.

கடலை நோக்கித் திறந்த நடைவழியானால் இன்னுமொரு கடமை உண்டு. முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சுகள் ஒளியைக் கொண்டே கடலை அறிகின்றன. கரையில் ஒளி மிகுந்தால் திசை மாறி மடிகின்றன. அப்பக்கத்து விளக்குகள் மங்கலாய், செம்மஞ்சள் நிறத்ததாய், தரையை நோக்கியனவாய் இருக்கட்டும்.

விடுதி நடத்தும் அன்பர்களே, ஓர் இரவு விருந்தினர் வருமுன் பிரதான மின்விசையை நிறுத்திவிட்டு, கடைசி அறையிலிருந்து படிக்கட்டு வரை நடந்து பாருங்கள். சுவரைத் தடவாமல் வந்து சேர்ந்தீர்களாயின், உங்கள் விளக்குகள் நன்கு தேர்ந்தவையே.