ஒளிபட்டு விழிக்கும் மருந்து



புற்றுநோய் என்றதும் குரலைத் தாழ்த்திக்கொள்வது நம்மவர் வழக்கம். இன்று அதனைச் சற்று உரக்கவே பேசுவோம்.

நோய் ஓரிடத்தில் இருக்கிறது. மருந்தோ உடலெங்கும் பரவுகிறது. தலைமயிர் உதிர்வதும் குடல் வருந்துவதும் இதனாலேதான். உறங்கிக் கிடந்து, வேண்டிய இடத்தில் மட்டும் விழிக்கும் மருந்து உண்டா? 1900ஆம் ஆண்டளவில் மியூனிச் நகரில் ஒஸ்கார் ராப் என்னும் மாணவர் ஒரு வழியைக் கண்டார். அக்கிரிடீன் சாயங் கலந்த நீரில் நீந்திய பரமீசியம் என்ற நுண்ணுயிர்கள் வெளிச்சத்தில் விரைவில் மடிந்தன. இருளில் நெடுநேரம் பிழைத்தன.

பிற்காலத்தில் பொன்னும் இவ்வேலைக்கு வந்தது. ஹூஸ்டன் நகரிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் நேயோமி ஹலாஸ், ஜெனிபர் வெஸ்ற் ஆகிய இரு பெண்மணிகளும் அவர்தம் குழுவினரும் சிலிக்கா மணியின்மேல் மெல்லிய பொன்னோடு போர்த்த துணிக்கைகளைக் கட்டிகளில் சோதித்து, 2003இல் முடிவை வெளியிட்டனர். மணியின் பருமனையும் ஓட்டின் தடிப்பையும் மாற்றினால், அது உறிஞ்சும் ஒளியும் மாறும். 800 நனோமீற்றரை அண்டிய செந்நிறக்கீழ் ஒளியைக் குருதியும் நீரும் அதிகம் உறிஞ்சா. ஆகவே அது தசையினுள் ஓரளவு ஆழஞ் செல்லும். பொன்மணியோ அதனைப் பற்றி வெப்பமாக்கிவிடும். கட்டியின் குருதிக் குழாய்கள் ஒழுக்குள்ளவையாதலால் மணிகள் அங்கே தங்குகின்றன.

ஆனால் லேசர் ஒளியை எங்கே பாய்ச்சுவது? படமே இங்கு வழிகாட்டி. நியூயோர்க்கில் நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2019இல் வெளிவந்தது. முன்னிற்குஞ் சுரப்பியில் புற்றுநோய் கண்ட 16 ஆடவருக்கு மணிகளை நாளத்திற் செலுத்தி, எம்.ஆர்.ஐ. படத்தையும் ஒலியலைப் படத்தையும் பொருத்தி, லேசர் இழையைக் கட்டிக்கே கொண்டுசென்றனர். 15 பேருக்குச் சிகிச்சை நிறைவேறியது. சிறுநீர்த் தொல்லை குறிப்பிடத்தக்கவாறு கூடவில்லை. ஓராண்டின் பின்னும் சிலரிடம் நோய் எஞ்சியிருந்தது என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். 16 பேரை வைத்து ஊருக்கெல்லாம் மருந்து கண்டாயிற்று என முரசறைய நாம் ஒருப்படோம்.

இதனை முன்பொருமுறை சொன்னபோது, “அப்படியானால் தங்கபஸ்பம் போதுமே, தம்பி” என்றார் ஒரு பெரியவர். இல்லை, ஐயா. இங்கே பொன் மருந்தன்று. ஒளியினால் அது அடையும் சூடே மருந்து. பஸ்பத்தை உண்டு நாம் காத்திருக்கும் மாதங்களிலே கட்டி வேறு உறுப்புகளுக்குப் பரவிவிடலாம். அவ்வாறு பரவிய நோயை இந்த ஒளி துரத்திச் சென்று பிடிக்காது.