வலி வந்தால் திங்கட்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் நம் உறுப்பினரும் ஓய்வுபெற்ற கண் மருத்துவமனைச் செவிலியருமான சகோதரி பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பேச்சு வராது. 31 வருஷம் கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் ஆபரேஷன் தியேட்டரில். அங்கே வாயில் மாஸ்க் போட்டிருப்போம், பேச்சுக்கு வேலையில்லை. அதனால் தப்பாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி கேட்கிறேன். கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர் என்ன செய்யக் கூடாது? ம்... தலைக்குக் குளிக்கக் கூடாது. சரி. கருவாடு, கத்தரிக்காய் கூடாது. குனியக் கூடாது. அடுப்படிக்குப் போகக் கூடாது. பாருங்கள், இத்தனை பேர் சொன்னீர்கள். "கண் வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்" என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லையே! உங்களைக் குறை சொல்லவில்லை. இத்தனை வருஷமாக உங்களுக்குச் சொல்லி அனுப்பியது நாங்கள்தானே. காலை எட்டு மணிக்கு வராண்டாவில் 40 பேரை வரிசையாக உட்கார வைத்து, பத்து விஷயத்தை மனப்பாடமாக ஒப்பிப்போம். ஏழாவதாகவோ எட்டாவதாகவோ "வலி, சிவப்பு இருந்தால் வாங்க" என்போம். வெளியே வேன் ஹாரன் அடிக்கும். குளியலும் கருவாடும் மனசில் நிற்கும், வலி நிற்காது.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா. நம் குழுக்களில் ஒன்றில் பழைய உறுப்பினர்தான், பெயர் வேண்டாம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கட்டு அவிழ்த்ததும் பேத்தியின் கம்மலைப் பார்த்து "கல்லு வச்சதா இது?" என்று கேட்டவர். நான்காம் நாள் சனிக்கிழமை. மத்தியானத்தில் இருந்து கண் விண்விண் என்று தெறித்திருக்கிறது. மருமகள் சீட்டை எடுத்துப் பார்த்தால், மறுபடி வரச் சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. "அதுக்குள்ள போனா திட்டுவாங்களோ?" மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை இமை வீங்கிவிட்டது. ஆட்டோவுக்குப் பணம் இல்லை, குழுவில் கேட்கலாம் என்றால் கூட்டம் செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை காலையில் போனபோது கண்ணுக்குள் சீழ் கட்டியிருந்தது. ஊசி போட்டார்கள், உள்ளே சுத்தம் செய்து பார்த்தார்கள். அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை.

நான் அவர் வீட்டிலிருந்து நாலாவது வீடு. "என்னைக் கூப்பிட்டிருக்கலாமே பெரியம்மா" என்றேன். "ராத்திரி டூட்டி பாத்துட்டு வந்து படுத்திருப்பே, உன்னை எதுக்கு எழுப்பணும்னு இருந்துட்டேன் தாயி" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதைக் கேட்டு ஆபரேஷனுக்கே பயப்படாதீர்கள். இந்தத் தொற்று அபூர்வம். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட புரை ஆபரேஷன்களைக் கணக்கெடுத்து 2017-ல் வெளியிட்டார்கள். ஆபரேஷன் முடிகிற நேரத்தில் கண்ணுக்குள்ளேயே மாக்ஸிஃபிளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைச் சிறிதளவு செலுத்துகிற வழக்கம் வருவதற்கு முன்பு, 10,000 பேரில் சுமார் 7 பேருக்குத் தொற்று வந்தது. வழக்கம் வந்த பிறகு அது சுமார் 2 பேர் ஆனது. ஆபரேஷன் பேசப் போகும்போது "அந்த மருந்து உள்ளே வைப்பீங்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

2008-ல் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து முகாம் மூலம் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்ததில் 66 பேருக்குப் பார்வை போனது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த மாதிரி ஒரே நாளில் பல பேருக்கு வருகிறது என்றால் கருவியிலோ, கண்ணைக் கழுவுகிற திரவத்திலோ, தியேட்டரிலோ கோளாறு என்று அர்த்தம். அதைத் தடுப்பது முழுக்க ஆஸ்பத்திரியின் பொறுப்பு. ஆனால் தனியாக ஒருவருக்கு வருகிற தொற்றில், பெரும்பாலும் கிருமி நம் இமையிலும் கண்ணின் மேல்தோலிலும் ஏற்கெனவே குடியிருப்பதுதான். அதனால்தான் கத்தியை வைப்பதற்கு முன் பழுப்பு நிறத்தில் ஒரு மருந்தைக் கண்ணில் விடுகிறோம். பொவிடோன் அயோடின் என்று பெயர். எரியும். "என்னம்மா மிளகாத் தண்ணிய ஊத்துறீங்க" என்று என்னை வையாத ஆள் இல்லை. அந்த எரிச்சல் உங்கள் கண்ணுக்குக் காவல். தலையை ஆட்டாமல் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் இருந்து நடக்கிற ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். முகாமுக்கு வந்தவர்கள் மறைப்பார்கள். கண்ணில் ஓயாமல் நீர் வடியும், காலையில் பீளை ஒட்டியிருக்கும். வேனில் ஏறுவதற்கு முன் முந்தானையால் துடைத்துக்கொண்டு "ஒண்ணும் இல்லைம்மா" என்பார்கள். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். சர்க்கரை மாத்திரை நாலு நாளாகப் போடாததையும் சொல்ல மாட்டார்கள். கண்ணீர்ப்பையில் அடைப்பும் சீழும் இருந்தால் அது கண்ணுக்குப் பக்கத்திலேயே கிருமிப் பானையை வைத்திருக்கிற மாதிரி. முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் புரையைத் தொட வேண்டும். ஒரு மாதம் தள்ளிப்போனால் போகட்டும். புரை எங்கேயும் ஓடிப்போகாது.

வீட்டுக்கு வந்த பிறகு? கருவாடு தின்னலாம், கத்தரிக்காயும் தின்னலாம். அதற்கும் தொற்றுக்கும் சம்பந்தம் இல்லை. தண்ணீர் விஷயத்தில் மட்டும் ஆஸ்பத்திரியில் சொன்ன நாள்வரை கண்டிப்பாக இருங்கள், குளம் கம்மாயில் முங்கவே கூடாது. இப்போது பெரும்பாலும் தையல் போடுவதில்லை. வெட்டிய இடம் தானாக மூடிக்கொள்ளும். கண்ணைக் கசக்கினால் அந்த வாய் திறந்து, வெளியே இருக்கிற நீர் உள்ளே போய்விடும். தூங்கும்போது நம்மை அறியாமல் கசக்குவோம் என்பதால்தான் ராத்திரியில் மூடி போடச் சொல்வது. சொட்டு மருந்து விடுகிறவர் சோப்புப் போட்டுக் கை கழுவணும். மருந்துக் குப்பியின் மூக்கு இமையில் படக் கூடாது. அத்தைக்கும் மாமாவுக்கும் ஒரே குப்பி என்று சிக்கனம் பார்க்காதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். பாட்டி காலத்தில் செய்தார்கள் என்றால், பாட்டி கண்ணில் கத்தி பட்டதில்லை. நூறு நாள் வேலைக்கு ஐந்தாம் நாளே மண்வெட்டியோடு கிளம்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த வாரக் கூலியைக் குழு பார்த்துக்கொள்ள முடியுமா என்று நீங்கள்தான் பேச வேண்டும்.

லேசான உறுத்தல், கொஞ்சம் நீர் வடிதல், கொஞ்சம் சிவப்பு எல்லாருக்கும் இருக்கும். ஆனால் அது நாளுக்கு நாள் குறையணும். நேற்றைவிட இன்று மோசம் என்றால் அது சரியில்லை. இதற்கு ஒரு வழி சொல்கிறேன். நம் எல்லார் வீட்டிலும் தினசரி காலண்டர் தொங்குகிறது. காலையில் தேதி கிழித்ததும் அதே இடத்தில் நின்று, ஆபரேஷன் செய்யாத கண்ணை உள்ளங்கையால் மூடி, புதுக் கண்ணால் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். நேற்று தெரிந்தது இன்று மங்கலா? வலி கூடுகிறதா? இமை வீங்குகிறதா? சீழ் மாதிரி வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலே கிளம்புங்கள். முதல் வாரத்தில்தான் பெரும்பாலும் வரும், அதற்குப் பிறகும் வரலாம்.

மாத்திரைக்கு ஏன் கேட்காது என்றால், கண்ணுக்குள் கூழ் மாதிரி இருக்கிற பகுதியில் ரத்தக் குழாயே கிடையாது. விழுங்கின மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. நேராகக் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். அதையும் மணிக்கணக்குப் பார்த்துப் போட வேண்டும், நாள்கணக்கில் காத்திருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமையா, ராத்திரியா என்று பார்க்காதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிற போன் நம்பருக்கு அடித்துச் சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறுங்கள். சீட்டில் நம்பர் இல்லையென்றால் ஆஸ்பத்திரியைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஊக்குநர்களிடமும் பிரதிநிதிகளிடமும் ஒரு வேண்டுகோள். கண் ஆபரேஷன் முடிந்த உறுப்பினருக்கு அவசரம் என்றால் கூட்டம் கூடித் தீர்மானம் எழுதும்வரை காத்திருக்காமல், கையிருப்பில் இருந்து வண்டி வாடகையைக் கொடுத்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளலாம் என்று இன்றைக்கே முடிவு செய்யுங்கள். பெரிய தொகை இல்லை. பெரியம்மாவுக்கு அன்று தேவைப்பட்டது 600 ரூபாய்.

அவருக்கு இன்னொரு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. ஒரு வருஷமாகச் சுவரைத் தடவித்தான் கொல்லைக்குப் போகிறார். ஆபரேஷன் என்றாலே அழுவார். போன வாரம்தான் சம்மதித்தார். அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். மருமகளும் வருகிறாள், நானும் கூடப் போகிறேன். இந்தத் தடவை ராத்திரி எந்நேரமானாலும் கதவைத் தட்டுவேன் என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார்.