சணல் முறுக்கும் பொன் தகடும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விஞ்ஞானம் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். "ஆராய்ச்சியெல்லாம் பெரிய தேசத்தாருக்கே உரியது, புங்குடுதீவில் இருக்கும் நமக்கு அது எதற்கு?" என்று நம் பிள்ளைகள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்கு விடையாகும் ஒரு பொருளையே எடுத்துக்கொண்டேன்.

நம் பரவைக் கடலில் ஈட்டியால் மீன் குத்துபவர், மீன் தோன்றும் இடத்துக்குக் குறி வைப்பதில்லை. சற்றுக் கீழேயே குறி வைப்பார். நீரிலே ஒளியின் வேகம் குறைவு. ஆகையால் நீரை விட்டு வெளிவரும்போது கதிர் முறிகின்றது. மீன் மேலெழுந்து தோன்றுகின்றது. வெற்றிடத்தில் ஒளிக்குள்ள வேகம் ஒரு பொருளினுள் எத்தனை மடங்கு குறைகின்றதோ, அந்த எண்ணே அதன் முறிவுச் சுட்டி. நீருக்கு 1.33, கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.5, வைரத்துக்கு 2.4. இவை இயற்கை இட்ட எண்கள். மனிதன் தன் விருப்பப்படி இவ்வெண்ணை உயர்த்த இயலுமா?

இவ்வழியில் முதலடி வைத்தவர்களில் ஒருவர் நம் அயல்நாட்டவரான ஜகதீஸ் சந்திர போஸ். 1885 இல் கல்கத்தாப் பிரெசிடென்சிக் கல்லூரியில் ஆசிரியரானார். வெள்ளையருக்குக் கொடுத்த சம்பளத்தை இந்தியர் என்பதால் தமக்குக் கொடாமையால், மூன்று ஆண்டுகள் சம்பளமே வாங்காமற் கற்பித்தார். தக்க ஆய்வுகூடம் இல்லை. தகர வேலைக்காரர் ஒருவரைப் பழக்கிக் கருவிகள் செய்வித்தார். புகைவண்டி நேர அட்டவணைப் புத்தகத்தின் இதழ்களுக்கிடையே உலோகத் தாள்களைச் செருகி, அதையும் ஓர் ஆய்வுக் கருவியாக்கினார்! இவ்வாறு 5 மில்லிமீற்றர் வரை குறுகிய மின்காந்த அலைகளை ஆராய்ந்தார்.

கயிற்றின் ஒரு நுனியை மரத்திற் கட்டி மறு நுனியை மேலுங் கீழும் ஆட்டினால், அலை ஒரே தளத்தில் ஓடும். ஒளியலையையும் அவ்வாறு ஒரு தளத்தில் நிறுத்தலாம். சீனிக் கரைசலினூடே செல்லும்போது அத்தளம் திரும்புகின்றது; சீனியின் மூலக்கூறு ஒரு பக்கமாக முறுகிய அமைப்புடையது என்பதே காரணம். அப்படியானால், பெரிய அலைக்குப் பெரிய 'மூலக்கூறு'களைக் கையாலே செய்தால் என்ன? போஸ் சணல் நாரை முறுக்கினார். வலப்பக்கம் முறுக்கியவை அலைத் தளத்தை ஒருபுறமும், இடப்பக்கம் முறுக்கியவை மறுபுறமும் திருப்பின. இரண்டையும் சமமாக வைத்தபோது திருப்பமே இல்லை! 1898 இல் இதனை வெளியிட்டார். சணல் ஒன்றுதான், மாறியது முறுக்கு மாத்திரமே. அலைக்குப் பொருளின் அமைப்பும் பேசுகின்றது என்பது இதனால் விளங்கியது.

1948 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வின்ஸ்டன் கொக் என்பவர் உலோகத் துண்டுகளை ஒழுங்காக அடுக்கி வானொலி அலைகளுக்கு வில்லை சமைத்தார். இன்று இத்தகைய ஆக்கங்களை மெற்றாப்பொருள் என்கின்றனர். இயற்கைப் பொருளுக்கு அப்பாற்பட்டது என்பது கருத்து.

இனி டெராஹேட்ஸ் அலைக்கு வருவோம். செக்கனுக்கு ஒரு இலட்சம் கோடி முறை அதிர்வது 1 டெராஹேட்ஸ். அதன் அலைநீளம் 0.3 மில்லிமீற்றர். இவ்வலைகள் துணியையும் கடதாசியையும் ஊடுருவும்; நீரோ இவற்றை உறிஞ்சிவிடும். இவ்வலைகளுக்குச் சிலிக்கனின் முறிவுச் சுட்டியும் ஏறத்தாழ 3.4 தான். 2011 இல் தென்கொரியாவின் கைஸ்ற் நிறுவன ஆய்வாளர், 38.6 வரை உயர்ந்த சுட்டியைத் தாம் பெற்றதை 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர்.

எவ்வாறு பெற்றனர்? ஆங்கில 'ஐ' எழுத்தின் வடிவில் மிக நுண்ணிய பொன் தகடுகளைச் செய்து, பிளாஸ்திக்குப் போன்ற மென்படலத்தினுள் வரிசையாகப் பதித்தனர். தகடுகளுக்கிடையே நூலிடைவெளி மாத்திரமே. அலை வந்ததும் இடைவெளியின் இருபுறமும் எதிரெதிர் மின்னேற்றங்கள் திரண்டு ஒன்றையொன்று ஈர்த்து நிற்கும். திரட்சி மிக மிக, அலையின் நடை தளரும், சுட்டி உயரும். ஆனால் தகடு தடித்திருப்பின், அதனுள் சுழலும் மின்னோட்டம் அலையின் காந்தப் பகுதியை எதிர்த்து, கிடைத்த இலாபத்தைக் கெடுத்துவிடும். ஆகவே தகட்டை மிக மெல்லியதாக்கினர். இதுவே அவர்கள் கண்ட நுட்பம்.

பயன் யாது? சுட்டி 38.6 எனின், பொருளினுள் அலைநீளம் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்காகச் சுருங்கும். மிகச் சிறிய வில்லைகளும், நுண்ணிய விவரங்காட்டும் படக் கருவிகளும் செய்ய இது வழி திறக்கும். குறையும் உண்டு. அந்த உச்ச மதிப்பு ஒரு குறித்த மீடிறனை அண்டியே கிடைக்கும்.

அன்பர்களே! பொன் தகடு செய்ய நம்மிடம் கூடமில்லை என்பது மெய். போரின் இடப்பெயர்வுக்குப் பின் பூட்டிய வீடுகளும் நம் ஊரிற் பல. ஆயினும் கயிறு திரிக்கும் நாரும், கேள்வி கேட்கும் பிள்ளையும் இன்னும் இங்கே உண்டு. ஆகவே சங்கத்தாரிடம் ஒன்று வேண்டுகிறேன்: நம் வாசிகசாலையின் ஒரு மூலையில் ஒரு மேசை இடுங்கள். இரண்டு வில்லை, ஒரு காந்தம், சில கம்பிச் சுருள்கள் அதில் இருக்கட்டும். வெளிநாட்டிலுள்ள நம் ஊரவர் இதற்குக் கைகொடுப்பர். ஒரு பிள்ளையாவது அங்கே நின்று, "இதை இப்படி அடுக்கினால் என்ன?" என்று கேட்குமாயின், அம்மேசை பெற்ற பயன் அதுவே.