சிறுவன் கேட்ட இரு கேள்விகள்



சென்ற கோடையில், கம்பத்திலே என் பழைய மாணவர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். அவருடைய எட்டு வயது மகன் தொலைக்காட்சியில் ‘சோட்டா பீம்’ என்னும் சித்திரத் தொடரில் ஆழ்ந்திருந்தான். “லட்டைத் தின்றுவிட்டு எல்லோரையும் அடிப்பதுதானே கதை? பயனற்றது” என்றேன். ஆசிரியர் ஓய்வு பெறலாம். அவர் நாக்கு ஓய்வு பெறுவதில்லை.

சிறுவன் திரும்பி, “நீங்க எந்தக் கதையைப் பாத்தீங்க தாத்தா?” என்றான்.

நான் ஒன்றையும் பார்த்ததில்லை. தந்தையார் தலைகுனிந்தார், காப்பி கொண்டுவந்த அம்மையார் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். “பார்க்கவில்லை, தம்பி” என்று ஒப்புக்கொண்டு அவனருகே அமர்ந்தேன்.

ஐதராபாத்தில் ராஜீவ் சிலகா உருவாக்கி, 2008-இல் தொடங்கிய தொடர் அது. பொறாமை கொண்ட காலியாவையும் பீமன் கைவிடுவதில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆயினும் ஒரு குறை கண்டேன். ஆபத்து வந்தால் அரசன் முதல் குடிகள் வரை பீமனையே எதிர்பார்த்து நிற்கிறார்கள்.

தொலைக்காட்சிக்கு மேலே, சுவரில் பென்னிகுவிக் துரையின் படம் இருந்தது. நம் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் காணலாம். அதைக் காட்டி, “1895-இல் முடிந்த பெரியாற்று அணையை இவர் தனியாகவா கட்டினார்? காட்டுக் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்ட கூலியாட்கள் எத்தனையோ பேர்!” என்றேன்.

சிறுவன் படத்தை நிமிர்ந்து பார்த்தான். “அவங்க பேரெல்லாம் என்ன தாத்தா?”

அதற்கும் என்னிடம் விடை இல்லை.